நிறைவுக்குக் கிடைக்கும் குறைந்த மதிப்பெண்

நடுவயதுக்கு மருத்துவம் வெகுகாலம் தனிக் கவனம் தந்ததில்லை. குழந்தைக்கு ஒரு துறை இருக்கிறது, முதியவருக்கும் ஒரு துறை வந்துவிட்டது. இடையில் நாற்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே இருப்பவர் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர், அவ்வளவுதான். அவர் மனம் என்ன பாடுபடுகிறது, அந்தப் பாடு உடம்பில் எங்கே போய்ப் பதிகிறது என்று ஒரே ஆளைப் பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து கேட்ட ஆய்வுகள் உலகத்திலேயே சிலதான். அவற்றில் முன்னால் வைக்க வேண்டியது அமெரிக்காவின் மிடஸ் ஆய்வு. 1995இல் தொடங்கியது. அதிலிருந்து கிளம்பிய ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது: வாழ்க்கையில் நோக்கம் உள்ளவர் நீண்ட நாள் இருப்பார்.

இது எவ்வளவு தூரம் உண்மை, நம் ஊருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்? நம் ஊர் என்று நான் சொல்வது காரைக்குடியையும் அதைச் சுற்றிய செட்டிநாட்டையும். நடுவயதில் என்னென்ன செய்து முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்து வாழ்ந்த ஊர்கள் இவை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் ஆண்கள் மூன்றாண்டுக் கணக்கில் போய்த் திரும்பினார்கள். பெண்கள் வீட்டை நடத்தினார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வளவில் தனி அடுப்போடு வேறு வைத்தார்கள். மகளுக்கு இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதி, சாமான் பரப்பி அனுப்பினார்கள். அறுபது நிறைந்தால் சாந்தி. வாழ்ந்ததன் பொருள் எது என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவாக விடை வைத்திருக்கிற இடத்தில், அமெரிக்கக் கேள்வித்தாள் என்ன மதிப்பெண் போடும் என்று பார்க்காமல் அதன் முடிவை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்த ஆய்வின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். மக்ஆர்தர் அறக்கட்டளை அமைத்த குழு, ஆர்வில் கில்பர்ட் பிரிம் என்ற சமூகவியலாளரின் தலைமையில், 25 முதல் 74 வயது வரையிலான 7,108 பேரிடம் தொலைபேசியிலும் தபாலிலும் கேள்வி கேட்டது. உடன்பிறந்தவர்களும் இரட்டையர்களும் அந்தக் கணக்கில் உண்டு. 2004இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கேரல் ரிஃப் தலைமையில் இரண்டாம் சுற்று தொடங்கியது, 2013இல் மூன்றாம் சுற்று. முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவே ஏறத்தாழ பத்தாண்டு இடைவெளி. அதற்குள் வீடு மாறியவர், ஊர் மாறியவர், மணமுறிவு பெற்றவர் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அப்படியிருந்தும், இறந்தவர்களைக் கழித்துப் பார்த்தால், நாலில் மூன்று பேரைத் திரும்பக் கண்டுபிடித்துப் பேசவைத்தார்கள். நெடுங்கால ஆய்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் நோயாளிகளும் ஏழைகளுமாக இருப்பார்கள். அவர்களைத் தவறவிட்டால் மிஞ்சுகிறவர்களின் ஆரோக்கியத்தை வைத்து ஊரே ஆரோக்கியமாக இருப்பதாக எழுதிவிடுவோம்.

இரண்டாம் சுற்றில் இன்னொரு துணிச்சலான காரியம் நடந்தது. 1,255 பேரை ஆராய்ச்சி மருத்துவமனைக்கு அழைத்து ஓர் இரவு தங்கவைத்தார்கள். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தம், பன்னிரண்டு மணி நேரம் சேர்த்த சிறுநீர், எச்சிலில் கார்டிசால் என்று ஒவ்வொன்றையும் அளந்தார்கள். மனக்கணக்கு கொடுத்து நெருக்கடி உண்டாக்கி, அப்போது இதயத் துடிப்பு எப்படி ஏறுகிறது, நெருக்கடி விலகியதும் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பதிவு செய்தார்கள். மனம் பற்றிய கேள்வித்தாளும் இரத்தக் குழாயும் ஒரே ஆளின் பெயரில் சேர்ந்தது அப்போதுதான். அந்தத் தரவுகள் உலகின் எந்த ஆய்வாளரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவைக்கப்பட்டிருக்கின்றன. ஆய்வு நடத்தியவர்களையே அவர்களுடைய எண்களை வைத்து மறுக்கலாம் என்ற ஏற்பாடு இது. அறிவியலில் இதைவிட நேர்மையான காரியம் எனக்குத் தெரியவில்லை.

அதில் கிடைத்த முடிவுகளில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது கல்வியைப் பற்றியது. இன்டர்லூகின்-6 என்று ஒரு புரதம். உடம்புக்குள் ஓயாத அழற்சி இருந்தால் இரத்தத்தில் இது கூடும். இதய நோய்க்கும் சர்க்கரைக்கும் இது முன்னறிவிப்பு. படிப்பு குறைந்தவர்களுக்குப் பொதுவாக இது அதிகம். ஆனால் படிப்பு குறைந்தவர்களிலேயே மனநலம் உயர்ந்து நின்றவர்களுக்கு அளவு குறைவாக இருந்தது. வறுமை உடம்பில் ஏறும் வழியில் மனம் ஒரு தடுப்பாக நிற்கக்கூடும் என்பதற்கு இது நல்ல தடயம். ஒரே காலத்தில் எடுத்த அளவுகள் என்பதால் எது முன், எது பின் என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தடயம் என்ற அளவில் அதை மதிக்கலாம்.

இனி, உலகம் சுற்றிய அந்தச் செய்திக்கு வருவோம். ரிஃப் 1989இல் மனநலத்தை ஆறு கூறாகப் பிரித்தார்: தன்னிச்சை, சூழலை ஆளும் திறம், வளர்ச்சி, நல்லுறவு, வாழ்க்கை நோக்கம், தன்னை ஏற்றுக்கொள்ளல். மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டு முடித்துக்கொண்டிருந்த துறையில் இது பெரிய முன்னேற்றம். அரிஸ்டாட்டிலிலிருந்து எரிக்சன், யுங் வரை தேடித் தொகுத்த பட்டியல். ஆறும் உண்மையிலேயே ஆறுதானா என்பதில் மறுப்பு உண்டு. ஸ்பிரிங்கர், ஹவுசர் என்ற இருவர் 2006இல் மிடஸ் உள்ளிட்ட பெரிய தரவுகளைச் சோதித்து, இந்தக் கூறுகளில் பல ஒன்றோடொன்று மிக நெருக்கமாக ஒட்டியிருப்பதைக் காட்டினார்கள். அந்த விவாதத்தை இங்கே நீட்ட வேண்டாம். எல்லோரும் எடுத்துச் சொல்வது வாழ்க்கை நோக்கம் என்ற ஒரு கூறைத்தான்.

2014இல் ஹில், டூரியானோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மிடஸ் பங்கேற்பாளர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை 14 ஆண்டுக் காலத்துக்குப் பார்த்தார்கள். அதற்குள் 569 பேர் இறந்திருந்தார்கள். நோக்கத்துக்கான மதிப்பெண் ஒரு படி கூடினால் இறப்பு வாய்ப்பு சுமார் 15 சதவீதம் குறைந்தது. இளையவர், நடுவயதுக்காரர், முதியவர் என்ற வேறுபாடில்லாமல் இது பொருந்தியது. ஓய்வு பெற்றவரா, வேலையில் இருப்பவரா என்பதும் பொருட்டாக இல்லை. மகிழ்ச்சி, சோர்வு, உறவு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நின்றது. கட்டுரை சுருக்கமானது, கணக்கு சுத்தமானது. நோக்கம் ஆயுளைக் கூட்டும் என்ற வாசகத்துக்கு இதுதான் பெரிய ஆதாரங்களில் ஒன்று.

அந்த நோக்கத்தை எப்படி அளந்தார்கள் என்று பார்ப்போம். முதல் சுற்றில் ஒரு கூறுக்கு மூன்றே வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். நோக்கத்துக்கான மூன்றையும் கருத்தளவில் தருகிறேன். சிலர் இலக்கில்லாமல் அலைகிறார்கள், நான் அப்படியில்லை என்பது ஒன்று. அன்றன்றைக்கு வாழ்கிறேன், எதிர்காலத்தைப் பற்றி அதிகம் நினைப்பதில்லை என்பது இரண்டாவது. வாழ்க்கையில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டதாகச் சில சமயம் தோன்றுகிறது என்பது மூன்றாவது. முதலாவதை ஒப்புக்கொண்டால் மதிப்பெண் ஏறும். மற்ற இரண்டையும் ஒப்புக்கொண்டால் இறங்கும்.

இந்த மூன்றாவது வாக்கியத்தைக் கொண்டுபோய்க் காரைக்குடியில், மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தி எடுத்து, போன மாதம் அறுபதாம் சாந்தியும் முடித்துவிட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆச்சியிடம் வாசித்துக் காட்டினால் என்ன நடக்கும்? தலையசைப்பார். "ஆமா, எல்லாம் பாத்தாச்சு, எங்க கடமையெல்லாம் முடிஞ்சிச்சு" என்பார். செய்முறையில் குறை வைக்காமல், கடன் வைக்காமல், கோயில் வரி பாக்கி வைக்காமல் முடித்ததைச் சொல்கிற குரல் அது. நடுவயது முழுக்க எதற்காக ஓடினாரோ அதை எட்டிவிட்டதற்கான சாட்சி. கேள்வித்தாள் அதைப் படித்து, இவருக்கு வாழ்க்கையில் நோக்கம் குறைவு என்று எழுதிக்கொள்ளும். அடுத்த தெருவில் ஒரே மகன் அமெரிக்கா போய் ஐந்து வருடமாக வராமல், இனி நமக்கென்ன இருக்கிறது என்று சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்திருப்பவரும் அதே வாக்கியத்துக்கு ஆம் என்பார். இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண்.

ஆத்தங்குடியில் பூக்கல் ஊற்றும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகடு மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ வடிவ அச்சுக்குள் வண்ணம் கலந்த சிமெண்டுப் பாலைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் தூவி, பிறகு கலவை போட்டு மட்டம் தட்ட வேண்டும். காய்ந்ததைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த முதுகு, சிமெண்டு அரித்த விரல். எத்தனை கல்லோ அத்தனைக்குக் கூலி. அவரிடம் இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டால், அன்றாடம் பார்த்துத்தான் ஓடுகிறது என்று சொல்வார். அது அவர் மனத்தின் நிலையா, கூலியின் நிலையா? மாதச் சம்பளமும் சேமநல நிதியும் உள்ளவருக்கு எதிர்காலத்தை நினைப்பது எளிது. அந்த எளிமையை நோக்கம் என்று பெயரிட்டு, பிறகு நோக்கம் உள்ளவர் நீண்ட நாள் வாழ்கிறார் என்று எழுதினால், பணம் உள்ளவர் நீண்ட நாள் வாழ்கிறார் என்பதையே வேறு சொற்களில் சொன்னதாகும். கல்வியைக் கழித்துத்தான் கணக்குப் போட்டார்கள் என்பது உண்மை. கல்வி ஒன்றைக் கழிப்பதால் கூலியின் நிச்சயமின்மை கழிந்துவிடாது.

ஆய்வாளர்கள் தரப்பில் இதற்குப் பதில் உண்டு, அதையும் நேர்மையாக வைக்க வேண்டும். மூன்று வாக்கியங்கள் ஒன்றோடொன்று சரியாக ஒத்துப்போகாதது அவர்களுக்கே தெரியும். அதனால்தான் இரண்டாம் சுற்றில் கூறுக்கு ஏழு வாக்கியங்களாகக் கூட்டினார்கள். அளவுகோல் தாறுமாறாக இருந்தால் உண்மையான தொடர்பு மங்கித் தெரியுமே தவிர, இல்லாத தொடர்பு புதிதாக முளைக்காது. அப்படி மங்கிய பிறகும் 15 சதவீதம் தெரிகிறதென்றால் உண்மையில் இன்னும் கூடுதலாக இருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்த 6,985 அமெரிக்கர்களை நீளமான கேள்வித்தாளால் அளந்து 2019இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. அமெரிக்காவைப் பொறுத்தவரை இந்தப் பதிலை நான் ஏற்கிறேன். செட்டிநாட்டைப் பொறுத்தவரை ஏற்க முடியாது. தாறுமாறு வேறு, ஒரு பக்கமாகச் சாய்வது வேறு. நிறைந்தவரையும் வெறுமையானவரையும் ஒரே பெட்டியில் போடுகிற கேள்வி இங்கே எல்லோரையும் சமமாகக் குழப்பாது. கடமையை முடித்தவரைத்தான் குறிபார்த்துத் தவறாக எழுதும்.

அடுத்த தடை காரண காரியத்தைப் பற்றியது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பது நூற்றாண்டுகள் கடந்த வழக்கம். ஐம்பது வயதில் நடந்தவர்களின் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு பதினைந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், நடக்காதவர்களைவிட அவர்களில் அதிகம் பேர் உயிரோடு இருப்பார்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். நடையும் பக்தியும் ஆயுள் தந்தன என்று ஒருவர் எழுதலாம். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக்கூடிய முழங்கால், மூச்சு, சர்க்கரையில் புண்ணாகாத பாதம் ஆகியவை இருந்தவர்தான் கிளம்பினார் என்று இன்னொருவர் மறுக்கலாம். இரண்டும் பாதி உண்மையாக இருக்கலாம். பட்டியலை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. வாழ்க்கை நோக்கமும் இப்படித்தான். உடம்பில் இன்னும் பெயர் வைக்கப்படாத ஒரு நோய் ஊர்ந்துகொண்டிருப்பவருக்கு அசதி முதலில் வரும், திட்டம் போடுகிற மனம் அதோடு போகும். பத்தாண்டு கழித்து அவர் இறந்தால், நோக்கம் குறைந்ததால் இறந்தார் என்று கணக்கு சொல்லும்.

இந்தத் தடையை மிகக் கடுமையாக வைத்தது பிரிட்டனின் பத்து லட்சம் பெண்கள் ஆய்வு. பெட்டி லியூ, ரிச்சர்ட் பீட்டோ, வலேரி பெரல் முதலானோர் 2016இல் லான்செட் இதழில் எழுதியது: 7,19,671 பெண்கள், பத்தாண்டுக் கண்காணிப்பு, 31,531 இறப்புகள். மகிழ்ச்சியில்லாதவர்கள் அதிகம் இறந்தார்கள். ஆனால் தொடக்கத்திலேயே அவர்கள் உடல்நலம் எப்படி இருந்தது என்பதையும், புகைபிடித்தல் போன்றவற்றையும் கழித்ததும் அந்த வேறுபாடு மறைந்தே போயிற்று. நோய் மகிழ்ச்சியைக் குறைக்கிறது, மகிழ்ச்சிக் குறைவு தானாக ஆளைக் கொல்வதில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. மிடஸை நம்புகிறவர்கள் இந்த எண்களுக்கு முன்னால் கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும்.

நின்று பார்த்தாலும் அதுவும் முடிந்த முடிவல்ல. அங்கே கேட்டது மகிழ்ச்சியை, ரிஃப் கேட்டது நோக்கத்தை. இரண்டும் ஒன்றில்லை என்பதுதான் அவருடைய முதல் வாதமே. அந்தப் பெண்களின் உடல்நலத்தைப் பெரிதும் அவர்கள் வாயாலேயே கேட்டுத்தான் எழுதினார்கள். மனம் சோர்ந்தவர் தன் உடம்பும் சரியில்லை என்றுதான் சொல்வார். அதைக் கழிக்கும்போது மனத்தின் பங்கும் சேர்ந்து கழிந்துபோகும். ஆகவே லான்செட் கட்டுரை மகிழ்ச்சியைப் பற்றிய எளிய நம்பிக்கையை உடைத்தது என்பேன். நோக்கத்தைப் பற்றிய கேள்வியை அது திறந்தே விட்டிருக்கிறது. உடல்நலத்தை வாய்மொழியாகக் கேட்டதோடு நிற்காமல் ஒரு பகுதியினரிடம் இரத்தத்திலும் அளந்தது மிடஸ் என்பதால், இந்த வழக்கில் அதன் சாட்சிக்குக் கூடுதல் எடை உண்டு. வழக்கு முடிந்துவிட்டது என்று சொல்கிற அளவுக்கு இல்லை.

மிடஸ் குழுவினர் தங்கள் முடிவுகளைத் தாங்களே கடல் கடந்து கொண்டுபோய்ச் சோதித்தார்கள் என்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. 2008இல் டோக்கியோவில் 1,027 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டு, அவர்களில் 382 பேரிடம் இரத்தமும் எடுத்தார்கள். என் பார்வையில் முழு ஆய்வின் மிக மதிப்புள்ள பகுதி இதுதான். அமெரிக்காவில் எதிர்மறை உணர்வுகள் கூடினால் இன்டர்லூகின்-6 கூடியது. ஜப்பானில் அந்தத் தொடர்பே இல்லை. கோபத்தை வெளிக்காட்டுவது அமெரிக்காவில் உடல்நலக் கேட்டோடு சேர்ந்து வந்தது, ஜப்பானில் தலைகீழாக, குறைந்த கேட்டோடு. ஜப்பானில் கோபத்தைக் காட்டும் உரிமை மேல்நிலையில் இருப்பவருக்குத்தான் என்று அதற்கு விளக்கம் தந்தார்கள். ஒரே உணர்வு, ஒரே புரதம், இரண்டு சமூகங்களில் இரண்டு விடை. துக்கம் ஒரு சமூகத்தில் ஆளின் தோல்வியாகப் பார்க்கப்படுகிறது. இன்னொன்றில் அது வாழ்வில் வந்துபோகும் ஒன்று. உடம்பு அந்த வேறுபாட்டை அறிகிறது. டோக்கியோவுக்கே பொருந்தாதது தேவகோட்டைக்குப் பொருந்தும் என்று யாரும் இனி ஆதாரமில்லாமல் சொல்ல முடியாது.

நம் நாட்டில் என்ன இருக்கிறது? பெரியது லாசி என்ற முதுமை ஆய்வு. மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை ஆய்வு நிறுவனம், ஹார்வர்டு, தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து நடத்துவது. 45 வயதைக் கடந்தவர்களும் அவர்களுடைய துணைகளுமாக 72,000 பேருக்கு மேல், முதல் சுற்று 2017-18இல். வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள், கைப்பிடி வலுவை அளந்தார்கள், விரல் நுனியில் ஊசி போட்டு இரத்தத் துளியைத் தாளில் ஒற்றினார்கள். அதன் அறிக்கை 2021 ஜனவரியில் வந்தபோது ஓர் எண் கண்ணில் அறைந்தது. அறுபதைக் கடந்தவர்களில் கேள்விகளை வைத்துப் பார்த்தால் 8.3 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு இருக்கக்கூடும், மருத்துவர் அப்படிச் சொன்னதாகத் தெரிவித்தவர்கள் 0.8 சதவீதம். பத்தில் ஒன்பது பேரின் துயரம் எந்த மருத்துவர் காதிலும் விழவில்லை. வேறெதற்காக இல்லாவிட்டாலும் இந்த ஒரு எண்ணுக்காக லாசிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் மிடஸ் கேட்ட கேள்விக்கு லாசி இன்னும் விடை தராது. அது மனச்சோர்வைக் கேட்கிறது, வாழ்க்கைத் திருப்தியைக் கேட்கிறது. நோக்கம், வளர்ச்சி, தன்னிச்சை ஆகியவற்றுக்கு ரிஃப் வைத்ததைப் போன்ற அளவுகோல் அதில் இல்லை. முதல் சுற்றை மட்டும் வைத்து எழுதுகிற கட்டுரைகள் எத்தனை வந்தாலும் அவை ஒரே நாளில் எடுத்த படங்கள்தான். முன்னும் பின்னும் தெரியாது. அதன் மாதிரி மாநில அளவுக்குச் சரியாக அமைக்கப்பட்டது, சிவகங்கை மாவட்டத்தைப் பற்றி அதிலிருந்து தனியாக எதுவும் சொல்ல முடியாது.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினரின் க்யூர்ஸ் ஆய்வு 2001இல் 26,001 பேரோடு தொடங்கியது. சர்க்கரை நோய்க்காக எடுத்த கணக்கு என்றாலும் அதே மக்களிடம் மனச்சோர்வையும் கேட்டார்கள். 25,455 பேரில் 15.1 சதவீதம் பேருக்கு இருந்தது. வருமானம் குறைந்தவர்களிடம் 19.3 சதவீதம், கூடியவர்களிடம் 5.9. துணையோடு இருப்பவர்களிடம் 15.4, துணையை இழந்தவர்களிடம் 20. மனநலம் பற்றிய எந்தப் பேச்சும் வருமானத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தமிழ்நாட்டில் நடக்க முடியாது என்பதற்கு இந்த 19.3-ம் 5.9-ம் போதும். துணை இழப்பு பற்றிய எண் செட்டிநாட்டில் இன்னும் அழுத்தமான கேள்வியாகிறது. நகரத்தார் கோயில் கணக்கில் ஒரு தம்பதி ஒரு புள்ளி, ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப் புள்ளி. நடுவயதில் கணவனை இழந்த பெண்ணுக்குத் தன் மதிப்பு பாதியாகிவிட்டதாகத் தோன்றுகிறதா, இல்லையா? தோன்றினால் அது இரத்த அழுத்தத்தில் தெரிகிறதா? மிடஸில் இதற்குக் கேள்வி இல்லை. லாசியிலும் இல்லை.

ரிஃபின் ஆறு கூறுகளையும் இந்த மண்ணில் வைத்துப் பார்த்தால் தன்னிச்சைதான் முதலில் இடறும். பிறர் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படாமல் முடிவெடுப்பது அங்கே உயர்ந்த மதிப்பெண். பங்காளிகளைக் கேட்காமல் ஒரு காரியம் செய்யாதவர் இங்கே பக்குவப்பட்டவர். சூழலை ஆளும் திறம் அப்படியில்லை, அது நேராகப் பொருந்துகிறது. கணவன் ரங்கூனில் இருக்க, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வட்டிக்கணக்கு, நெல் கணக்கு, கல்யாணப் பேச்சு அத்தனையையும் நடத்திய பெண்களின் வழி வந்தவர்களிடம் இதைக் கேட்டால் சரியான விடை கிடைக்கும். நல்லுறவும் பொருந்தும். வளர்ச்சி என்பது ஆத்தங்குடித் தொழிலாளிக்கும் கண்டாங்கிச் சேலை நெய்பவருக்கும் கைவேலையின் நேர்த்தியாக இருக்கும், புதிய அனுபவம் தேடுவதாக இருக்காது. செட்டிநாடு என்றால் நகரத்தார் மட்டும் என்று எழுதுவதும் நெடுநாள் பிழை. மாளிகைகளைக் கட்டியவர்களும் துடைத்தவர்களும் சமைத்தவர்களும் இதே ஊர்களில் நடுவயதைக் கடந்தவர்கள்தான். அவர்களுடைய கால்வலி எந்த வரலாற்றிலும் ஏறவில்லை.

என் தீர்ப்பு இது. மிடஸின் முறை முழுமையாக ஏற்கத் தகுந்தது: ஒரே ஆட்கள், மனமும் உடம்பும் சேர்ந்து, பல பத்தாண்டுகள், திறந்த தரவு. வாழ்க்கை நோக்கத்துக்கும் ஆயுளுக்கும் அமெரிக்காவில் தொடர்பு இருக்கிறது என்பதும் ஏற்கத் தகுந்தது. நோக்கம்தான் அந்த ஆயுளைத் தருகிறது என்பது பாதிதான் நிறுவப்பட்டது. மருத்துவர் யாராவது ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து, நோக்கம் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள், உடம்பு தானாகச் சரியாகும் என்று இந்த ஆய்வைக் காட்டிச் சொன்னால் அது தவறு. கூலி போதாதவரிடம் அப்படிச் சொல்வது கொடுமையும்கூட. அந்தக் கேள்வித்தாளைத் தமிழில் பெயர்த்து இங்கே மதிப்பெண் போடுவதை முற்றிலும் நிராகரிக்கிறேன்.

நிராகரித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நெடுங்காலம் ஆட்களைத் தொடர நம்மால் ஆகாது என்ற சாக்குக்கு இடமில்லை. 1981-82இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மனச்சிதைவு நோய்க்கு முதன்முதலாகச் சிகிச்சைக்கு வந்த 90 பேரை டாக்டர் ஆர். தாராவும் உடன் உழைத்தவர்களும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1969-73இல் பிறந்த குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை தேடிப் போய்ப் பார்த்தது. கைபேசி இல்லாத காலத்தில் இவை நடந்தன. இன்று மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. ஒரே ஆளின் அளவுகள் திரும்பத் திரும்பப் பதிவாகின்றன. 2012இல் வந்த சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளையும் கூலி வீடுகளையும் சேர்த்து, இரண்டாயிரம் பேரை எடுத்து, பத்தாண்டு தொடர்ந்தால் போதும்.

அதில் அந்த மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், அப்படியே கேட்க வேண்டும். செய்ய வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால், அடுத்து ஒன்று கேட்க வேண்டும்: அப்படித் தோன்றும்போது மனசு லேசாக இருக்கிறதா, வெறிச்சென்று இருக்கிறதா? பத்தாண்டு கழித்து, லேசாக இருக்கிறது என்றவர்களின் சர்க்கரையும் அழற்சியும் இறப்பும் வெறிச்சென்று இருக்கிறது என்றவர்களைவிடக் குறைந்திருந்தால், மிடஸின் அளவுகோல் இங்கே நிறைவைக் குறையாக எண்ணியது நிரூபணமாகும். இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி நலிந்திருந்தால், கடமையை முடித்தவருக்கும் மேலே ஏதோ ஒன்று தேவைப்படுகிறது என்று ரிஃப் நினைத்தது சரி. அப்போது இந்தக் கட்டுரையின் முதன்மையான மறுப்பு விழுந்துவிடும்.